ஸ்காலர்ஷிப் கிடையாது... ஆனாலும் வீரர்களைத் தேடும் சிறிய கல்லூரிகள்: அமெரிக்காவில் என்ன கணக்கு?

2024 மே 31. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள பர்மிங்ஹாம் சதர்ன் கல்லூரி அன்றோடு நிரந்தரமாக மூடப்பட்டது. அதே நாளில், ஒஹையோ மாநிலத்தில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப் தொடரில் அந்தக் கல்லூரியின் பேஸ்பால் அணி ஆடிக்கொண்டிருந்தது. கல்லூரி இல்லை, ஆனால் டீம் இருக்கிறது! அமெரிக்க ஊடகங்கள் இதைப் பெரிய செய்தியாக்கின.

அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. பேஸ்பால் ஆடியதற்காக அந்த அணியில் யாருக்கும் ஸ்காலர்ஷிப் கிடையாது. அது டிவிஷன் 3 கல்லூரி. அமெரிக்காவில் சிறிய கல்லூரி ஒன்றின் அணியில் சேர நினைக்கும் எந்த மாணவரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த டிவிஷன் 3 கணக்கைத்தான்.

டிவிஷன் 3 என்றால் என்ன?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் மிகப்பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. இதில் சுமார் 1,100 கல்லூரிகள் இருக்கின்றன. 1973 முதல் இவை மூன்று டிவிஷன்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. டிவியில் நாம் பார்க்கும் பிரம்மாண்ட ஸ்டேடியங்கள் டிவிஷன் 1-ஐச் சேர்ந்தவை. ஆனால், எண்ணிக்கையில் பெரியது டிவிஷன் 3தான். 400-க்கும் அதிகமான கல்லூரிகள், ஏறக்குறைய 2 லட்சம் வீரர், வீராங்கனைகள்.

இங்கே விதி ஒன்றுதான்: விளையாட்டுத் திறமையைக் காரணம் காட்டி ஒரு டாலர்கூட உதவித்தொகை தரக் கூடாது. மதிப்பெண்ணுக்காகத் தரலாம், குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரலாம். கோல் அடிப்பதற்காகத் தர முடியாது.

அப்புறம் ஏன் கோச் தேடி வருகிறார்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. பெரிய பல்கலைக்கழகங்களுக்கு விளையாட்டு என்பது டிக்கெட், டிவி உரிமம், விளம்பரம். சிறிய தனியார் கல்லூரிக்கு விளையாட்டு என்பது அட்மிஷன்.

ஒரு எளிய கணக்கு போடலாம். ஆயிரம் மாணவர்கள் படிக்கும் கல்லூரி ஒன்று புதிதாக ஒரு ஃபுட்பால் அணியைத் தொடங்குகிறது, அதற்காகவே 80 பேர் வந்து சேருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தள்ளுபடியெல்லாம் போக ஒருவர் ஆண்டுக்கு 20,000 டாலர் கட்டினால், கல்லூரிக்குக் கிடைப்பது 16 லட்சம் டாலர். கோச் சம்பளம், பயணச் செலவு போனாலும் மிச்சம் இருக்க வாய்ப்பு உண்டு. அதனால்தான் பல டிவிஷன் 3 ஃபுட்பால் அணிகளில் 100 பேருக்கு மேல் இருக்கிறார்கள். களத்தில் ஒரு நேரத்தில் இறங்குவதோ 11 பேர்! சில கல்லூரிகளில் கோச்சுகளுக்கே ‘இந்த வருஷம் இத்தனை பேரைக் கொண்டு வரணும்’ என்று இலக்கு இருக்கிறது.

இந்த அவசரத்துக்குக் காரணம் மக்கள்தொகை. 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் பிறப்பு எண்ணிக்கை குறைந்தது. அப்போது பிறந்தவர்கள்தான் இப்போது கல்லூரி வயதை எட்டுகிறார்கள். மாணவர்கள் குறைகிறார்கள், போட்டி கூடுகிறது.

ஆனால், அணிகள் மட்டும் ஒரு கல்லூரியைக் காப்பாற்றிவிடாது. பர்மிங்ஹாம் சதர்ன் 2006-ல் டிவிஷன் 1-ஐ விட்டு டிவிஷன் 3-க்கு இறங்க முடிவெடுத்தது. 2007-ல் ஃபுட்பால் அணியைக் களமிறக்கியது. பழைய கடனும் கரைந்துபோன சேமிப்பு நிதியும் கடைசியில் அதை மூட வைத்தன. எதிர்பார்த்த மாநில அரசுக் கடனும் கிடைக்கவில்லை.

அப்படியென்றால் இது ஏமாற்று வேலையா?

இல்லை. டிவிஷன் 3-ல் ஒரு பெரிய பாதுகாப்பு இருக்கிறது. உதவித்தொகை விளையாட்டோடு கட்டப்படவில்லை என்பதால், முழங்கால் உடைந்தாலோ, அணியை விட்டு விலகினாலோ, அந்தக் காரணத்துக்காக அது பறிபோகாது. வகுப்பில் 15, 20 பேர், பெயர் தெரிந்த பேராசிரியர், கூடவே நாலு வருடம் ஆட்டம். பலருக்கு இது நல்ல டீல்தான். வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் போன்ற பெயர்பெற்ற கல்லூரிகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கல்லூரி அணியில் இருக்கிறார். அங்கே கோச்சின் ஆதரவு கட்டணத்தைக் குறைக்காது. ஆனால், சீட் கிடைக்க உதவலாம்.

டிவிஷன் 1-ல் என்ன மாறியது?

2025 ஜூனில் ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. அதன்படி, அதில் இணையும் டிவிஷன் 1 கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர். கூடவே அணியின் அளவுக்கும் வரம்பு வந்தது. உதாரணமாக, ஃபுட்பாலில் 105 பேர். ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியின் ஓரத்தில் இருந்தவர்களுக்கு இது அடி. மேலே இடம் சுருங்கும்போது, பள்ளி முடித்துவரும் பல வீரர்களுக்குச் சிறிய கல்லூரிகளே நிஜமான வாய்ப்பாகின்றன.

சேரும் முன் கேட்க வேண்டியவை

* எல்லாக் கழிவும் போக நாலு வருடத்துக்கு நான் கட்டப்போவது எவ்வளவு? அமெரிக்கத் தனியார் கல்லூரிகள் முதலாமாண்டு மாணவர்களுக்குச் சராசரியாகக் கட்டணத்தில் பாதிக்கும் மேல் தள்ளுபடி தருகின்றன. ‘உங்களுக்கு 25,000 டாலர் ஸ்காலர்ஷிப்’ என்ற கடிதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பாக்கித் தொகையைப் பாருங்கள்.

* என் இடத்துக்கு எத்தனை பேரை எடுக்கிறீர்கள்? போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் அணியில் இருக்கிறார்கள்?

* கல்லூரியின் நிதிநிலை எப்படி? மாணவர் எண்ணிக்கை கூடுகிறதா, குறைகிறதா? நான் படிக்க நினைக்கும் துறை நாலு வருடம் தாங்குமா?

* அணியே இல்லாவிட்டாலும் இந்தக் கல்லூரியில் படிப்பேனா?

இந்திய மாணவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயங்கள். அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவி வெளிநாட்டினருக்குக் கிடைக்காது. கல்லூரியே தரும் தொகையைத்தான் நம்ப வேண்டும். எஃப்-1 மாணவர் விசாவில் வேலை செய்யக் கடும் கட்டுப்பாடுகள் இருப்பதால், விளம்பர ஒப்பந்த வருமானத்தையும் கணக்கில் சேர்க்க முடியாது. விளையாட்டுக்காகவே ஸ்காலர்ஷிப் தேவை என்றால், டிவிஷன் 2 கல்லூரிகளையும் என்.ஏ.ஐ.ஏ. என்ற தனி அமைப்பில் உள்ள சிறிய கல்லூரிகளையும் பார்க்கலாம். இரண்டிலும் அதற்கு அனுமதி உண்டு.

பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகளுக்கு மே 1-க்குள் முடிவைச் சொல்ல வேண்டும். கோச் போனில் பேசுவது எவ்வளவு இனிப்பாக இருந்தாலும், ஃபீஸ் கட்டப்போவது குடும்பம்தான். அட்மிஷன் முன்பணம் கட்டுவதற்கு முன், நிதியுதவி அலுவலகத்திடமிருந்து எழுத்துபூர்வமாக வந்த தொகையை நாலால் பெருக்கிப் பாருங்கள். ஆண்டுதோறும் கட்டணம் உயரும் என்பதால், உண்மையான செலவு அதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும்.