ஜன்னல் ஓரம் மாத்திரை வைக்கிறீங்களா? வெயில் பட்டால் மருந்துக்கு என்ன ஆகும்?

பிபி மாத்திரையைத் தவறாமல் போட்டும் பிபி குறையவில்லையா? டோஸைக் கூட்டும் முன் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: அந்த மாத்திரை வீட்டில் எங்கே இருக்கிறது?

மாத்திரை அட்டையின் பின்புறம் 'வெளிச்சம் படாமல் வைக்கவும்' என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பலரும் அதைப் படிப்பதே இல்லை.

வெளிச்சம் என்ன செய்யும்?

சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்களுக்கு ஆற்றல் அதிகம். சில மருந்துகளின் மூலக்கூறுகள் அதை உறிஞ்சும்போது, உள்ளே இருக்கும் பிணைப்புகள் உடைந்து வேறொரு சேர்மமாகிவிடும். ஜன்னலை மூடினால் போதாதா? போதாது. சாதாரணக் கண்ணாடி புற ஊதா பி கதிர்களைப் பெருமளவு தடுத்தாலும், புற ஊதா ஏ கதிர்களை உள்ளே விட்டுவிடும்.

எந்த மருந்துகள்?

ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் நிஃபெடிபைன் இதற்குப் பிரபலமான உதாரணம். ஒளி பட்டால் ஹைட்ரஜனை இழந்து, பிபியைக் குறைக்கும் திறனில்லாத சேர்மமாக மாறும். திரவமாக இருந்தால் இன்னும் வேகம். அதனால்தான் இந்த மாத்திரைகளில் ஒளியைத் தடுக்கும் இரும்பு ஆக்சைடு போன்ற நிறமிகளைப் பூசுகிறார்கள்.

சில மருந்துகளில் ஆபத்து இன்னும் பெரிது. ஐசியுவில் அவசரமாக பிபியைக் குறைக்க ஏற்றப்படும் சோடியம் நைட்ரோபுரூசைடு, ஒளியில் சிதைந்தால் சயனைடு வெளியாகும். அந்த டிரிப் பாட்டிலுக்கு அலுமினியத் தாள் சுற்றுவது இதனால்தான்.

'கலர் மாறலையே, அப்புறம் என்ன?'

ஃபியூரோசமைடு ஊசி மருந்து மஞ்சளானால் கண்ணுக்குத் தெரியும். ஆனால் எல்லா மருந்தும் இப்படிக் காட்டிக்கொடுக்காது. பார்க்க அப்படியே இருக்கும், வீரியம் மட்டும் போயிருக்கும்.

எக்ஸ்பைரி தேதி இருக்கே?

அந்தத் தேதி, கம்பெனி கொடுத்த பேக்கிங்கில், சொன்ன விதத்தில் வைத்திருந்தால் மட்டுமே செல்லும். பிரித்து ஜன்னல் ஓரம் வைத்த மாத்திரைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

என்ன செய்யலாம்?

* மாத்திரையைச் சாப்பிடும்போது மட்டும் அட்டையிலிருந்து பிரியுங்கள்.
* பழுப்பு பாட்டில் மருந்தை வேறு பாட்டிலுக்கு மாற்றாதீர்கள்.
* வாரம் முழுவதற்கும் பிரித்து வைக்கும் டப்பா என்றால், வெளிச்சம் புகாததாக வாங்கி அலமாரிக்குள் வையுங்கள்.
* கார் டேஷ்போர்டில் வைக்கவே வேண்டாம். அங்கே வெயிலோடு சூடும் சேரும்.

சந்தேகம் வந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ, கூட்டவோ கூடாது. மருந்தை எங்கே வைத்திருந்தீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அது தெரியாமல் டோஸைக் கூட்டிவிட்டால், அடுத்து வாங்கும் வீரியம் குறையாத மாத்திரை பிபியை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம்.