திராட்சையின் குலம் கோத்திரம்

திராட்சைக் கொடிக்குக் குலம் கோத்திரம் பார்ப்பதில் பிரெஞ்சுக்காரரை மிஞ்சியவர் இலர். ஐரோப்பியர் மதுவுக்காகத் தொன்றுதொட்டுப் பயிரிட்டு வந்தது வினிபெரா என்னும் ஒரே இனம். அமெரிக்கக் காடுகளிலோ ரிபாரியா, ரூபெஸ்ட்ரிஸ், லாப்ரஸ்கா என்று பல இனங்கள் படர்ந்து கிடந்தன. 1860-களின் தொடக்கத்தில், அங்கிருந்து தருவித்த கொடிகளோடு பில்லாக்ஸெரா என்னும் பொடிப்பூச்சியும் கப்பலேறி வந்து சேர்ந்தது.

தென் பிரான்சில் தோட்டம் தோட்டமாகக் கொடிகள் பட்டுப்போயின. காரணம் விளங்கவில்லை. 1868-ல் பிளான்ஷான் என்ற தாவர சாஸ்திரியும் அவருடன் சென்றவர்களும், பட்ட கொடியை விடுத்துப் பச்சையாக நின்ற கொடியைத் தோண்டிப் பார்த்தனர். வேரெங்கும் பூச்சி மொய்த்திருந்தது! வேர் செத்ததும் பூச்சி அடுத்த கொடிக்குக் குடிபெயர்ந்துவிடும். பிணத்தைச் சோதித்தவர்களிடம் கொலையாளி எப்படி அகப்படுவான்? 1874-ல் சர்க்கார் 3,00,000 பிராங்க் பரிசு அறிவித்தது; அதைப் பெற்றவர் ஒருவருமில்லை.

அமெரிக்க வேர்களோ, கடிபட்ட இடத்தைத் தக்கைபோன்ற படலத்தால் மூடிக்கொண்டு பிழைத்தன. ஆகவே இரண்டு வழிகள் தோன்றின. அமெரிக்க வேரின்மீது பிரெஞ்சுக் கிளையை ஒட்டுக்கட்டுவது ஒன்று. இரு குலத்தையும் மகரந்தத்தால் கலப்பது மற்றொன்று. கலப்பினக் கொடிக்கு மருந்துச் செலவு குறைவாதலால் ஏழைக் குடியானவர்கள் அதை விரும்பினர். பிரபுக்களின் நாவுக்கு அதன் வாசனை பிடிக்கவில்லை. 1934-ல் நோவா, ஒதெல்லோ, இஸபெல்லா முதலிய ஆறு வகைகளைச் சட்டம் விலக்கிற்று. அந்த மதுவைக் குடித்தால் சித்தம் கலங்கும் என்றும் சொல்லப்பட்டது. மது தேவைக்குமேல் பெருகி விலை வீழ்ந்திருந்த காலம் அது என்பதை மறக்கலாகாது. நம் கடைகளில் விற்கும் பெங்களூர் நீலத் திராட்சை அந்த இஸபெல்லாவின் இனமே. அதைத் தின்ற மாணவர்களின் நாக்கு ஊதாவானதைக் கண்டிருக்கிறோமேயன்றிச் சித்தம் கலங்கியதைக் கண்டதில்லை.

ஒட்டுக்கட்டியவர்களுக்கும் சங்கடம் வந்தது. கோன்யாக் போன்ற சுண்ணாம்பு மண் பிரதேசங்களில், ரிபாரியா வேரின்மேல் நின்ற கொடிகள் இலை வெளுத்து வாடின. 1887-ல் அமெரிக்கா சென்ற வியாலா என்ற பேராசிரியருக்கு மன்சன் என்னும் அறிஞர், டெக்ஸாஸ் சுண்ணாம்புக் குன்றுகளில் தழைக்கும் பெர்லாண்டியரி இனத்தைச் சுட்டிக் காட்டினார். ஆனால் அதன் குச்சி எளிதில் வேர் பிடிப்பதில்லை. வேறு வழியின்றி, வேர் பிடிக்கும் இனங்களோடு அதைக் கலந்தார்கள். வினிபெராவோடு கலந்து பிறந்த '41 பி' என்னும் கலப்பின வேர்தான் ஷாம்பேன் பிரதேசத்தின் வெள்ளை மண்ணில், உயர்குலக் கொடிகளைப் பலவிடங்களில் இன்றும் தாங்கி நிற்கிறது. புட்டியின்மேல் ஒட்டிய சீட்டில் அதன் பெயர் அச்சாவதில்லை.