ஒரு லஞ்ச் ஷீட், ஒரு போயா விடுமுறை

ஜிம்மிக்கு மூன்று மாதம்தான். சனிக்கிழமை பகல், தம்பி சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டு லஞ்ச் ஷீட்டைச் சுருட்டி வாசலில் எறிந்தான். கோழிக்கறி மணம் அதில். குட்டி கவ்வினதைக் கண்டு நான் கத்திக்கொண்டு ஓடினேன். பறிக்க வாறாள் என்று அதுக்கு விளங்கிட்டுது போல, ஒரே மூச்சில் விழுங்கிவிட்டது. துரத்தாமல் ஒரு பிஸ்கட்டையோ கருவாட்டுத் துண்டையோ காட்டியிருந்தால் வாயைத் திறந்திருக்கும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு திரிந்தது. ஞாயிறு காலை சத்தி. குடித்த தண்ணியும் வெளியே வந்தது. வயிற்றைத் தொட்டால் முனகியது. பக்கத்து வீட்டு மாமி உப்புத் தண்ணி பருக்கச் சொன்னா, இன்னொருவர் தேங்காய் எண்ணெய் என்றார். இரண்டையும் பருக்கினோம். இரண்டுமே பிழை. உப்பு கூடினால் குட்டிக்கு அதுவே நஞ்சு. சத்தி எடுக்கிற நாய்க்கு எண்ணெய் பருக்கினால் அது நுரையீரலுக்குள் போகலாம்.

ஞாயிறு என்றபடியால் அரச மிருக வைத்திய அலுவலகம் பூட்டு. திங்கள் போயா. செவ்வாய் காலை எட்டரைக்குத்தான் கதவு திறக்கும்.

சொறிக்கல்முனையில் இருந்து சவளக்கடைக்கு வந்து, கிட்டங்கிப் பாலத்தால் கல்முனைக்குப் போனோம். ஓட்டோக் காக்கா சீற்றுக்குக் கீழே ஒரு சாக்கை விரித்து, "ஏத்துங்க தங்கச்சி, பிறகு கழுவிக்கலாம்" என்றார். நாயின் எச்சில் பட்டால் கழுவுகிற முறை அவருடைய மார்க்கத்தில் உண்டு. நாயை ஏற்றக் கூடாது என்று அவர் அதை விளங்கிக்கொள்ளவில்லை. மூன்று இடம் கொண்டுபோனார். மூன்றும் பூட்டு.

கடைசியில் யாரோ தந்த இலக்கத்துக்கு எடுத்தேன். ஒரு டொக்டர் பொறுமையாகக் கேட்டார். விழுங்கி எத்தனை மணித்தியாலம் என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு மணித்தியாலத்துக்குள் என்றால் பொருள் அநேகமாக இரைப்பையிலேயே இருக்கும். டொக்டர் ஊசி போட்டுச் சத்தி எடுக்க வைக்கலாம். குடலுக்குள் இறங்கி அடைத்துவிட்டால் அந்த இடத்தில் இரத்த ஓட்டம் குறைந்து குடல் செத்துப்போகும், ஓட்டை விழும். பிறகு ஒப்பரேஷன்தான். பொலித்தீன் சாதாரண எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது, ஸ்கேன் வேணும். பேராதனைக்குக் கொண்டுபோகப் பாருங்கள் என்றார்.

நாட்டில் மிருக வைத்திய பீடம் உள்ள ஒரே பல்கலைக்கழகம் பேராதனை. மஹியங்கனை வழியாக ஐந்தாறு மணித்தியால ஓட்டம். வேன் கூலி கேட்டோம். கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம். திங்கள் இரவு ஜிம்மி செத்தது.

"நாய்க்குட்டிதானே, வேற ஒண்டு எடுக்கலாம்" என்று ஆறுதல் சொன்னவர்களோடு எனக்குக் கோபமில்லை. என் கோபம் மணிக்கூட்டோடு. எங்கள் பக்கத்து மிருக வைத்திய அலுவலகங்கள் மாடு, ஆடு, கோழிக்காக உண்டானவை. பால் கறக்க வேணும், சினைப்படுத்த வேணும், தடுப்பூசி போட வேணும். இதெல்லாம் நாள் குறித்துச் செய்யிற வேலை, அதுக்கு அலுவலக நேரம் போதும். விழுங்கின பொருள் போயா பார்க்காது. இருக்கிற டொக்டர்மார் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் சனி ஞாயிறில் யாரிடம் போவது என்று சொல்ல ஒரு இலக்கம் கூட இல்லை.

நான் கேட்கிறது பெரிய ஆஸ்பத்திரி இல்லை. கல்முனை, சம்மாந்துறை, நாவிதன்வெளி, அக்கரைப்பற்று அலுவலகங்கள் முறை வைத்து, விடுமுறை நாளில் ஒரு டொக்டர் கடமையில் இருக்கட்டும். அவருக்கு மேலதிகக் கொடுப்பனவு கொடுக்கட்டும். பிரதேச செயலகக் கதவில் அந்த இலக்கத்தை ஒட்டட்டும். மாரியில் கிட்டங்கியில் வெள்ளம் பாய்ந்து பாதை பூட்டினால் கல்முனைக்கே போக ஏலாது என்பதால், எங்கள் பக்கத்திலும் ஒருவர் இருந்தால் நல்லம். கன்று ஈன ஏலாமல் இரவில் தவிக்கிற பசுவுக்கும் இதே இலக்கம்தானே உதவும்? நாய்க்காகக் கேட்டால் சிரிப்பார்கள் என்றால் மாட்டைச் சொல்லிக் கேட்போம்.

மாட்டுக்கும் இதே பொலித்தீன்தான். கல்முனைத் தெருவில் குப்பை மேய்கிற மாடுகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். இதே அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டுக்கு யானைகள் வரும். எட்டு வருடத்தில் சுமார் 20 யானைகள் அங்கே பிளாஸ்டிக் தின்று செத்ததாக 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகள் எழுதின. வெட்டிப் பார்த்தபோது வயிற்றில் பொலித்தீனும் சாப்பாட்டு உறைகளும் இருந்தன. லஞ்ச் ஷீட்டை 2017 செப்டம்பரிலேயே தடை செய்தாச்சு. "மக்கும்" என்று பெட்டியில் அச்சடித்து இன்றைக்கும் விற்கிறார்கள். மக்குமோ மக்காதோ, ஒரு குட்டியின் குடலுக்குள் இரண்டு நாளில் மக்காது.

அந்த இலக்கம் வரும்வரைக்கும் சிலதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விழுங்கினதைக் கண்டால் நேரத்தைக் குறியுங்கள், சத்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே டொக்டருக்குக் கோல் எடுங்கள். வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்கினால் இழுக்கவே வேண்டாம். பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே, உள்ளே குடல் அப்படித்தான் சுருங்கி அறுபடும். தூண்டில் முள், ஊசி, பற்றரி விழுங்கின குட்டியை ஒருநாளும் சத்தி எடுக்க வைக்காதீர்கள். இறங்கும்போது செய்யாத காயத்தை ஏறும்போது செய்யும். மாங்கொட்டையும் சோளப் பொத்தியும் பொலித்தீன் அளவுக்குப் பொல்லாதவை, மாம்பழக் காலத்தில் முற்றத்தைக் கூட்டிவிடுங்கள். சத்தி நிற்காமல், சாப்பாடும் மலமும் இல்லாமல் படுத்துக்கொண்டால் "நாளைக்குப் பார்ப்பம்" என்று விடாதீர்கள். நாங்கள் அப்படித்தான் சனி பின்னேரத்தை விட்டோம்.

தம்பி இப்போது சோற்றை வாழை இலையில் கட்டித் தரச் சொல்லிக் கேட்கிறான். கடைக்காரர் அவனை ஒரு மாதிரிப் பார்க்கிறாராம். பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஓட்டோக் காக்கா முதல் ஆளாகக் கையெழுத்து வைத்துவிட்டார்.