பள்ளி எழுதித் தராத உறுதிமொழி

1984-இல் மத்திய அரசின் மின்னணுத் துறையும் கல்வி அமைச்சகமும் இணைந்து ‘கிளாஸ்’ என்ற திட்டத்தை 250 பள்ளிகளில் தொடங்கின. அது மெல்ல விரிந்து, பிரிட்டனில் வடிவமைக்கப்பட்ட பிபிசி மைக்ரோ கணினிகள் சுமார் 12,000 நாடெங்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. நம் பள்ளிக்கூடங்களுக்குள் கணினி நுழைந்த வரலாறு அங்கே தொடங்குகிறது. கணினிக்கான கட்டுப்பாடுகளின் வரலாறும் அதே அறையில்தான் பிறந்தது. செருப்பை வாசலில் விட வேண்டும். ஜன்னலைத் திறக்கக் கூடாது, தூசி வரும். வேலை முடிந்ததும் திரைக்கு உறை போட வேண்டும். வெளியிலிருந்து ஃபிளாப்பி கொண்டுவரக் கூடாது, வைரஸ் வரும். ஆசிரியர் சொல்லாமல் எந்த விசையிலும் கை வைக்கக் கூடாது. எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் வரிசையில் நின்று கணினி அறைக்குள் போனவர்களுக்கு இவை மறந்திருக்காது.

அந்த விதிகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பொருள் அரிது, பிள்ளைகள் பலர். பழுதானால் சரிசெய்ய ஆள் கிடைப்பதும் எளிதல்ல. ஆனால் அன்று ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. விதி என்றால் அது பிள்ளையைப் பார்த்து எழுதப்படுவது. காக்கப்பட வேண்டியது கருவி. அறை மாறி, கருவி மாறி, கம்பி போய்க் கைபேசி வந்து நாற்பது ஆண்டுகள் ஓடிய பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் நம்மைவிட்டுப் போகவில்லை.

இணையம் வந்தபோது, இன்று பல பள்ளிகள் கையெழுத்து வாங்கும் உறுதிமொழிப் படிவத்தின் மூல வடிவம் அமெரிக்காவில் உருவாகிக்கொண்டிருந்தது. அங்கே தேசிய அறிவியல் அறக்கட்டளை நடத்திய என்எஸ்எஃப்நெட் என்ற வலைப்பின்னலுக்கு ‘ஏற்புடைய பயன்பாட்டுக் கொள்கை’ ஒன்று இருந்தது. இந்த வலைப்பின்னல் ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் உரியது, வணிகத்துக்கு அல்ல என்பதே அதன் சாரம். பொதுப் பணத்தில் ஓடும் ஒன்று எதற்காக இருக்கிறது என்பதை அந்தக் கொள்கை முதலில் சொன்னது. 1995-இல் அந்த வலைப்பின்னல் மூடப்பட்டது. அதே பெயரில் பள்ளிகள் எழுதிக்கொண்ட படிவங்களிலோ நோக்கம் சுருங்கி, தடைகளின் பட்டியல் நீண்டது. கீழே மாணவர் கையெழுத்து, அதற்கும் கீழே பெற்றோர் கையெழுத்து. பள்ளி எதற்குப் பொறுப்பு என்ற வரிக்கு அந்தத் தாளில் பெரும்பாலும் இடமே இருக்கவில்லை.

2000 டிசம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம் குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இணைய இணைப்புக்கு அரசின் கட்டணச் சலுகை பெறும் பள்ளிகள் ஆபாசத்தைத் தடுக்கும் வடிகட்டியை நிறுவ வேண்டும், மாணவர்கள் இணையத்தில் செய்வதைக் கண்காணிக்க வேண்டும் என்றது அது. இணையத்தில் எப்படி நடந்துகொள்வது, சமூக ஊடகங்களில் பிறரிடம் எப்படிப் பழகுவது, இணையவழித் துன்புறுத்தல் வந்தால் என்ன செய்வது என்று பள்ளிகள் கற்பிக்கவும் வேண்டும் என்ற வரி 2008-இல்தான் சட்டத்தில் சேர்ந்தது. தடுப்பதற்கும் கற்பிப்பதற்கும் நடுவே எட்டு ஆண்டுகள்! அந்த இடைவெளியில் தொடக்கப் பள்ளியில் சேர்ந்த ஒரு குழந்தை உயர்நிலைப் பள்ளியையே எட்டியிருக்கும்.

2010-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் லோயர் மெரியன் பள்ளி மாவட்டத்தில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஃபிலடெல்ஃபியாவை ஒட்டிய வசதியான புறநகர்ப் பகுதி அது. தன் இரண்டு உயர்நிலைப் பள்ளிகளின் மாணவர்கள் சுமார் 2,300 பேருக்கு வீட்டுக்கு எடுத்துச் செல்ல மடிக்கணினி கொடுத்திருந்தது நிர்வாகம். திருட்டுப் போனால் கண்டுபிடிப்பதற்காக அதில் ஒரு மென்பொருளும் போட்டிருந்தது. அதை இயக்கிவிட்டால் மடிக்கணினியின் கேமரா சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானே படம் எடுத்துப் பள்ளியின் சர்வருக்கு அனுப்பும். திரையில் என்ன இருக்கிறதோ அதையும் சேர்த்து. இப்படி ஒன்று இருப்பதை மாணவர்களுக்கோ பெற்றோருக்கோ யாரும் சொல்லவில்லை. வீட்டில் தன் அறையில் இருந்தபோது எடுக்கப்பட்ட படத்தை வைத்துப் பள்ளி தன்னை விசாரித்தது என்று ஒரு மாணவரின் குடும்பம் வழக்குத் தொடுத்த பிறகே விஷயம் வெளியே வந்தது. 50,000-க்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்திருந்தன. அவற்றில் பல, தொலைந்ததாகச் சொல்லப்பட்ட கணினி கிடைத்த பிறகும் மென்பொருளை நிறுத்தாமல் விட்டதால் எடுக்கப்பட்டவை. அந்த ஆண்டு அக்டோபரில் நிர்வாகம் 6,10,000 டாலர் கொடுத்து வழக்கைச் சமாதானமாக முடித்துக்கொண்டது.

பிள்ளைகள் உறங்கும் அறைக்குள் கேமரா வைக்க வேண்டும் என்று அங்கே யாரும் திட்டமிட்டதாக நான் நினைக்கவில்லை. அரசுச் சொத்து தொலையக் கூடாது என்ற, கேட்டவுடன் யாரும் தலையசைக்கும் காரணம்தான் அதற்கு இருந்தது. மாணவர் என்ன செய்யக் கூடாது என்று எழுத எத்தனையோ பேர் இருந்தார்கள். நாம் என்ன செய்யக் கூடாது என்று எழுத ஒருவரும் இருக்கவில்லை. அந்தப் படங்கள் சேர்ந்தது அதனால்தான்.

நம் பக்கம் வருவோம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போயின. எத்தனையோ வீடுகளில் அதுவே முதல் கணினி. அந்த வீட்டுப் பிள்ளைகளை நம்பி ஒரு மாநிலம் இத்தனை பெரிய பொருளைக் கொடுத்தது என்பதை இன்றும் பெருமையோடுதான் நினைக்கிறேன். ஆனால் அன்று அதிகம் பேசப்பட்டது கணினியை விற்றுவிடக் கூடாது என்பதுதான். இதே கருவியில் இணையம் வந்து சேரும்போது என்ன ஆகும் என்று பேச அன்று நேரம் இருந்தது. 2016-இல் டேட்டா விலை சரிந்ததும் அந்த அவகாசம் தீர்ந்துபோனது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது நிலைமை தலைகீழானது. பையில் கைபேசி இருந்தால் பெற்றோரை அழைத்துவரச் சொன்ன அதே பள்ளிகள், கைபேசி வாங்கித் தாருங்கள் என்று பெற்றோரைக் கேட்டன. அப்பாவின் எண், அம்மாவின் எண், அக்காவின் எண் எல்லாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தன. வீட்டின் ஒரே அறை வகுப்பறையின் திரையில் தெரிந்தது. இதற்கெல்லாம் எந்தப் பள்ளியிடமும் விதி தயாராக இல்லை.

2021 மே மாதம், சென்னையில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியர் தகாத முறையில் நடந்துகொண்டதாக மாணவிகள் துணிந்து புகார் சொன்னார்கள். அதன் பிறகே ஆன்லைன் வகுப்புகளுக்கு மாநில அரசு நெறிமுறை அறிவித்தது. வகுப்புகள் முழுவதும் பதிவு செய்யப்பட வேண்டும், அவற்றை அவ்வப்போது ஆய்வு செய்ய வேண்டும், உடை நெறி ஆசிரியருக்கும் உண்டு என்றது அது. எனக்குத் தெரிந்தவரை, பள்ளியில் கணினிப் பயன்பாடு குறித்த ஒரு விதி நம் மாநிலத்தில் பெரியவர்களை நோக்கி அவ்வளவு வெளிப்படையாகத் திரும்பியது அப்போதுதான். அதைத் திருப்பியவர்கள் அந்த மாணவிகள். ஆனால் பதிவு செய்யச் சொன்ன விதி, பிள்ளைகளின் முகமும் குரலும் அடங்கிய அந்தப் பதிவு எங்கே இருக்கும், யார் பார்க்கலாம், எப்போது அழிக்கப்படும் என்ற கேள்விகளையும் கூடவே கொண்டுவந்தது. அவற்றை நாம் போதிய அளவு பேசவில்லை.

நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் பள்ளிகளைவிட முன்னே நடந்திருக்கின்றன. கோழிக்கோட்டில் ஒரு கல்லூரி விடுதி, மாணவிகள் மாலை 6 முதல் இரவு 10 வரை கைபேசியை ஒப்படைக்க வேண்டும் என்றது. மறுத்த மாணவி விடுதியிலிருந்து நீக்கப்பட்டார். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று சொல்லி அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. பள்ளியில் கைபேசி குறித்த ஒரு வழக்கில் 2025-இல் தில்லி உயர் நீதிமன்றம் முழுத் தடையை ஏற்கவில்லை. வகுப்பைக் குலைக்காதபடி ஒழுங்குபடுத்துங்கள், இணையத்தில் நல்ல நடத்தையைக் கற்பியுங்கள், பெற்றோரையும் ஆசிரியர்களையும் கலந்து கொள்கை வகுத்துக்கொள்ளுங்கள் என்றது. வகுப்பு நேரத்தில் கைபேசி பைக்குள்ளோ பூட்டிய பெட்டிக்குள்ளோ இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாறுபாடு இல்லை. பாடம் நடக்கும்போது கவனம் பாடத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் கைபேசியைப் பறித்து வைத்ததோடு பள்ளியின் கடமை தீர்ந்தது என்று நினைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஏனென்றால் இன்று பிள்ளையின் கையில் இருக்கும் கருவியைவிட, பிள்ளையைப் பற்றிப் பள்ளி சேர்த்துவைக்கும் தகவல் பெரிது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2022-இல் 49 நாடுகளின் கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்தது. மொத்தம் 163-இல் பத்துக்கு ஒன்பது குழந்தைகளின் அந்தரங்கத்துக்கு ஊறு செய்யக்கூடியவையாக இருந்தன. ஆராயப்பட்டவை அனைத்தும் அரசுகளே பரிந்துரைத்தவை. நம் மத்திய அரசின் தீக்‌ஷா செயலியும் அந்த ஆய்வில் குறிப்பிடப்பட்டது. பிள்ளைகள் வழிதவறிப் போன இடங்கள் அல்ல அவை. பாடத்துக்காகப் போகச் சொல்லி நாமே அனுப்பிய இடங்கள்.

2023-இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அவர்களைப் பின்தொடர்வதையும், நடத்தையைக் கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் 2025 நவம்பரில் வெளியான விதிகள் கல்வி நிறுவனங்களுக்கு ஒரு விலக்கு கொடுத்திருக்கின்றன: கல்விப் பணிக்காகவோ, குழந்தைகளின் பாதுகாப்புக்காகவோ என்றால் பின்தொடரலாம், கண்காணிக்கலாம். பள்ளி வாகனம் எங்கே வருகிறது என்று அறிய இது தேவைதான். ஆனால் பாதுகாப்பு என்ற சொல்லுக்கு எல்லை வகுக்காமல் விட்டால் அது எவ்வளவு தூரம் நீளும் என்பதை லோயர் மெரியன் காட்டியிருக்கிறது.

சட்டத்தின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 2027 வரை அவகாசம் இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு பள்ளியும் மாணவரிடம் வாங்கும் உறுதிமொழியோடு தானும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். எந்தத் தகவலை எடுக்கிறோம், எங்கே வைக்கிறோம், யார் பார்க்கலாம், எத்தனை நாளில் அழிப்போம், பள்ளி நேரத்துக்கு வெளியே எதைப் பார்க்கவே மாட்டோம் என்று. புகார் சொல்லும் பிள்ளையின் கைபேசியை முதலில் பறிக்க மாட்டோம் என்பதும் அதில் இருக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் இருக்கின்றன. பெற்றோரே அவற்றில் பெரும்பான்மை. உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் மாணவர் திரையைக் கண்காணிக்கும் மென்பொருள் உண்டா, அந்தப் பதிவு யாரிடம் போகிறது என்று அடுத்த கூட்டத்தில் ஒரு தாய் கேட்கலாம். தலைமையாசிரியரிடம் பதில் இருக்காது. அது அவர் பிழையல்ல. பதில் பள்ளிக் கல்வித் துறையும் நிறுவனங்களும் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் இருக்கிறது. அந்த ஒப்பந்தங்களில் பிள்ளைகளின் தகவல் குறித்த பகுதிகளைத் துறை தமிழில் வெளியிட வேண்டும். மாணவர் கையெழுத்தை அதன் பிறகு கேட்கட்டும்.