எம்புசினி: மூடக்கூடாத கோப்பு

சமோரா மஷேலின் மரணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "ரஷ்ய விமானிகள் கவனக்குறைவாக மலையில் கொண்டுபோய் மோதிவிட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் இன்றும் உண்டு. அந்த ஒரு வரியை நான் ஏற்கவில்லை.

1986 அக்டோபர் 19. சாம்பியாவின் எம்பாலா நகரில் ஆப்பிரிக்கத் தலைவர்களின் கூட்டம் முடிந்து, மொசாம்பிக் குடியரசுத் தலைவர் மஷேல் மபுட்டோவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். இரவு 9.21 மணிக்கு அவருடைய து-134 விமானம் லெபொம்போ மலைத்தொடரில், தென்னாப்பிரிக்க எல்லைக்குள் இருக்கும் எம்புசினியில் மோதி நொறுங்கியது. விமானத்தில் இருந்த 44 பேரில் பத்துப் பேர்தான் அந்த இரவைத் தாண்டினார்கள். மஷேல் அவர்களில் இல்லை.

"சோவியத் விமானம்தானே, பழுதாகியிருக்கும்" என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவிடலாம். அது 1980-இல் கட்டப்பட்ட விமானம். இயந்திரங்கள் ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருந்தன என்பதில் தென்னாப்பிரிக்காவும் சோவியத் ஒன்றியமும் வேறுபடவில்லை. இவ்வளவு பகைமைக்கு நடுவிலும் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட செய்தி அது.

"சர்வதேச நிபுணர்கள் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லியாயிற்று" என்பது அடுத்த வாதம். விசாரித்தது நீதிபதி செசில் மார்கோ தலைமையிலான ஆணையம். விண்வெளி வீரர் ஃபிராங்க் போர்மன் போன்ற வெளிநாட்டு வல்லுநர்கள் அதில் இருந்தார்கள். அவர்களுடைய தகுதியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதை அமைத்தது மஷேலைப் பகைவராகக் கருதிய நிறவெறி அரசு. மொசாம்பிக்கும் சோவியத் ஒன்றியமும் அந்த ஆணையத்தில் சேரவில்லை. சோவியத் தரப்பு தனியாக மாற்று அறிக்கை கொடுத்தது. வழக்கில் சம்பந்தப்பட்ட மூன்று நாடுகளில் ஒன்று அமைத்த ஆணையத்தின் முடிவை எப்படி எல்லோருடைய முடிவாகவும் கொள்வது?

எல்லாவற்றுக்கும் மையம், மோதுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் விமானம் எடுத்த 37 பாகை வலதுபுறத் திருப்பம். நேராகப் போயிருந்தால் மபுட்டோ. திரும்பியதால் மலை. ஏன் திரும்பினார்கள்? விமானி அறையின் ஒலிப்பதிவில் இதற்கு ஒரு தடயம் இருக்கிறது. ஏன் நேராகப் போகவில்லை என்று விமானி கேட்கிறார். வானொலி வழிகாட்டிக் கருவி அந்தப் பக்கம்தான் காட்டுகிறது என்று நேவிகேட்டர் பதில் சொல்கிறார். ஆக, முள் காட்டிய திசையில்தான் போயிருக்கிறார்கள். அந்த முள்ளை இழுத்த சமிக்ஞை எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி.

மார்கோ ஆணையத்தின் பதில்: மபுட்டோ வழிகாட்டி நிலையத்தின் அலைவரிசை 112.7, சுவாசிலாந்தின் மட்சாஃபா நிலையத்துடையது 112.3. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைத்துவிட்டார்கள். சோவியத் தரப்பின் பதில்: யாரோ ஒரு போலி நிலையத்தை இயக்கி விமானத்தைத் திசைதிருப்பினார்கள். முதலாவது நடந்திருக்கக்கூடியதே. ஆனால் நடந்திருக்கக்கூடியது வேறு, நிரூபிக்கப்பட்டது வேறு. போலி நிலையக் கூற்றுக்கும் இதே அளவுகோல்தான். கொலை நிரூபணமாகிவிட்டது என்று எழுதுபவர்களோடும் நான் சேரமாட்டேன்.

"தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கை மணி 32 விநாடி அடித்தும் மேலே ஏறவில்லையே?" உண்மை. இதை மழுப்ப முடியாது. ஓடுதளம் கண்ணில் படாமலே கீழே இறங்கியதும், மாற்று விமான நிலையத்துக்குப் போகப் போதுமான எரிபொருள் இல்லாமல் வந்ததும் அவர்களுடைய பிழைகளே. ஆனால் கீழே மபுட்டோவின் கடலோரச் சமவெளி இருப்பதாக நம்பியவர்கள் அவர்கள். விளக்குகள் தெரியாதபோது ஓடுதளத்தில் மின்சாரம் போயிருக்கும் என்று நினைத்தார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசியது இரு பக்கத்துக்கும் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில். விளக்கைப் பற்றிய கேள்வியே அங்கே சரியாகப் போய்ச்சேரவில்லை. மணியை மதிக்காதது ஏன் தப்பமுடியவில்லை என்பதைச் சொல்லும். மலைக்கு ஏன் வந்தார்கள் என்பதை அது சொல்லாது.

விமானி அறைக்கு வெளியே நடந்தவற்றை இந்த "விமானி தவறு" வாதம் தொடுவதே இல்லை. விபத்துக்கு இரண்டு வாரம் முன்பு எல்லையில் கண்ணிவெடியில் தென்னாப்பிரிக்க வீரர்கள் காயமடைந்தார்கள். பாதுகாப்பு அமைச்சர் மாக்னஸ் மலான் மஷேலை வெளிப்படையாக எச்சரித்தார். விபத்துச் செய்தி மொசாம்பிக் அரசுக்குச் சொல்லப்பட்டது மறுநாள் காலையில். தென்னாப்பிரிக்க ராணுவம் கண்காணித்துவந்த எல்லைப் பகுதி அது. திசைமாறி மலையை நோக்கி வரும் விமானத்துக்கு ஏன் ஒரு வார்த்தை எச்சரிக்கை போகவில்லை?

இது என் சொந்தச் சந்தேகம் மட்டுமல்ல. நிறவெறி ஆட்சி வீழ்ந்தபின் அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் இந்த வழக்கை மறுபடி எடுத்துப் பார்த்தது. உறுதியான முடிவுக்கு அதனால் வரமுடியவில்லை. ஆனால் போலி நிலையம் பற்றிய கேள்வியும், எச்சரிக்கை தரப்படாத கேள்வியும் மேலும் விசாரிக்கப்படவேண்டும் என்று எழுதிவைத்தது.

1999-இல் எம்புசினியில் நினைவிடத்தைத் திறந்துவைத்தவர் நெல்சன் மண்டேலா. மஷேலின் துணைவியாராக இருந்த கிராசா அப்போது மண்டேலாவின் மனைவி. காற்றடிக்கும்போது ஒலி எழுப்பும் எஃகுக் குழாய்களை அங்கே நட்டிருக்கிறார்கள். இந்த விபத்தைப் பற்றி எழுதுகிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: "விமானிகளின் தவறு" என்று எழுதினால், அதே பத்தியில், விமானம் திரும்பிய காரணம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்பதையும் எழுதுங்கள்.