பட்ட மரமும் வாராக்கடனும்

வடக்கே கட்டில் வாங்கப் போனால் 'சீஷம்' என்பார்கள். நம்மூர் ஈட்டிக்குப் பங்காளி. 1990களின் பிற்பகுதியில் உ.பி., பீகார் பக்கம் வாடல் நோய் வந்து இந்த மரங்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டுப்போயின. மகள் கல்யாணத்துக்கென்று வரப்பில் வளர்த்தவருக்கு அதுதான் ஃபிக்ஸட் டெபாசிட். செத்த மரம்தானே என்று விறகு விலைக்குத் தள்ளிவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

வண்டு தின்பது பெரும்பாலும் வெளி வெள்ளையைத்தான். உள்ளே இருக்கும் வைரத்தைக் கரையான்கூட லேசில் தொடாது. காலத்தோடு வெட்டி, அறுத்து, நிழலில் உலர்த்தினால் கட்டிலாகும், கதவாகும். மிஞ்சும் துண்டுகளைச் சஹாரன்பூர் செதுக்கு வேலைக்காரர்கள் நகைப்பெட்டியாக்கிவிடுவார்கள்.

வாராக்கடனிலேயே முடிந்தவரை மீட்கப் பார்க்கிறோம். பட்ட மரத்தை மட்டும் ஏன் அடுப்பில் வைக்கணும்? நீங்க என்ன சொல்றீங்க?