வீடு மாறிய கோள்கள்

"உம்மா, வியாழன் உண்டான நாள் முதல் அதே இடத்திலதானா இருக்கு?" விஞ்ஞானப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மகள் கேட்டாள். "ஓம் மகள்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். நான் படித்த காலத்தில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். பிள்ளைக்குப் பிழையான பதிலைச் சொல்லிவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அதைத் திருத்தத்தான் சகோதரிகளே, இம்மாதம் இந்தப் பக்கம்.

விண்வெளியில் பரந்து கிடக்கும் வாயுவும் தூசும் கலந்த முகில் தன் ஈர்ப்பாலேயே சுருங்குகிறது. சுருங்கச் சுருங்கச் சுழற்சி வேகமாகிறது. நடுவில் விண்மீன் பிறக்க, மிச்சமெல்லாம் அதைச் சுற்றித் தட்டுப் போலப் படிகிறது. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்திலுள்ள 'அல்மா' தொலைநோக்கித் தொகுதி 2014இல் அப்படியொரு தட்டைத் தெளிவாகப் படம் பிடித்தது. சுமார் 450 ஒளியாண்டு தூரத்திலுள்ள எச்.எல். டோரி என்ற இளம் விண்மீனின் தட்டு அது. வளையம் வளையமாக, இடையிடையே இருண்ட வெளிகள்.

கட்டிலுக்கு அடியில் கூட்டாமல் விட்ட தூசு உருண்டு திரள்வதைப் பார்த்திருப்பீர்கள். (எங்கள் வீட்டில் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்!) தட்டிலுள்ள நுண்தூசும் அப்படித்தான் ஒட்டத் தொடங்குகிறது. கூழாங்கல் அளவுக்கு வந்ததும் ஒட்டாமல் மோதித் தெறிக்கும். அங்கிருந்து மலையளவு பாறைகள் எப்படி வந்தன என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். விண்மீனுக்கு அருகே வெப்பத்தில் பனிக்கட்டி நிலைக்காது. அங்கே சிறிய பாறைக் கோள்கள். தூரத்தில் பனிக்கட்டியும் சேர்வதால் கரு பெருத்து, வாயுவை இழுத்துக்கொண்டு வியாழனைப் போன்ற இராட்சதக் கோளாகிறது.

இந்தக் கணக்கைத்தான் 1995இல் ஒரு கோள் குழப்பியது. சுவிற்சர்லாந்தின் மிஷெல் மயோரும் டிடியே கெலோவும் 51 பெகாசி என்ற விண்மீனருகே அதைக் கண்டார்கள். நிறை வியாழனில் ஏறத்தாழப் பாதி. நமது வியாழன் சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 12 வருடம் எடுக்கும். இதற்கு நாலு நாளும் கொஞ்சமும் போதும். அவ்வளவு நெருப்பின் பக்கத்தில் இராட்சதக் கோள் எப்படி? தூரத்தில் உருவாகி, பிறகு உள்ளே நகர்ந்து வந்திருக்க வேண்டும் என்பதே பலரது விளக்கம். இருவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1993இல், ரேணு மல்ஹோத்ரா என்ற பெண்மணி நமது ஞாயிற்றுத் தொகுதியிலேயே இடமாற்றம் நடந்ததென்று எழுதிவிட்டார். நெப்டியூன் மூன்று முறை சுற்றும்போது புளூட்டோ சரியாக இரண்டு முறை சுற்றுகிறது. இந்தப் பொருத்தம் தற்செயலல்ல, நெப்டியூன் வெளிநோக்கி நகர்ந்தபோது புளூட்டோவையும் தள்ளிக்கொண்டு போனது என்றார் அவர். நெப்டியூன் சின்னஞ்சிறு பனிப்பாறைகளை உள்ளே தள்ள, அவை வியாழனிடம் வந்து சேர, வியாழன் அவற்றை வெளியே வீசியெறிந்தது. எறிந்த வேகத்தில் அதுவும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தது.

இரவு மகளைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப சோதினைக்கு எதை எழுதுறது உம்மா?" என்றாள்.